ஆண்டுக்கு 500 வீடு என்றால் 500 வீடுதானா? நகரத்தின் வீட்டு ஒதுக்கீட்டைப் படிக்க ஒரு வழிகாட்டி

கையில் நிலம் இருக்கிறது. வரைபடம் தயார். வங்கியும் கடன் தரச் சம்மதித்துவிட்டது. ஆனாலும் பில்டர் ஒரு குழிகூடத் தோண்டாமல் உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், "இந்த வருஷத்து ஒதுக்கீடு முடிந்துவிட்டது" என்கிறார். முதல் முறை கேட்பவருக்கு இது விசித்திரமாக இருக்கும். ஒரு வருடத்தில் எத்தனை புது வீடுகள் வரலாம் என்று எண் போட்டு, அதைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் முறையை அமெரிக்க நகரங்கள் சில 1970களிலிருந்தே கடைப்பிடித்து வந்திருக்கின்றன. கலிபோர்னியாவிலும் கொலராடோவிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு.

நகரத் திட்டமிடல் படிக்கத் தொடங்கியவர், இப்படியோர் ஊரில் குடியேறி நகர மன்றக் கூட்டத்துக்கு முதல் தடவை போகிறவர், சின்ன மனை ஒன்றை வைத்துக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டுகிறவர் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கூட்டங்களில் எல்லோரும் அந்த எண்ணைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். 500 வேண்டுமா, 300 போதுமா என்று. எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எந்த வீடு கணக்கில் சேராது, வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் அந்த எண்ணுக்கே அர்த்தம் வரும்.

படி 1: எந்த 'ஒதுக்கீடு' என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

கலிபோர்னியாவில் இந்தச் சொல்லுக்கு நேரெதிரான இரண்டு பொருள்கள் புழங்குகின்றன. புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான்.

ஒன்று, மேலிருந்து கீழே வருவது. உங்கள் வட்டாரத்துக்கு இத்தனை வீடுகள் தேவை என்று மாநில அரசு கணக்கிட்டுச் சொல்லும். வட்டார அமைப்பு அதை நகரங்களுக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். 1969இலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. பெரும்பாலான இடங்களில் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு சுற்று. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிக்கு 2023 முதல் 2031 வரையிலான சுற்றில் விழுந்த பங்கு 4,41,176 வீடுகள். மிகக் குறைந்த வருமானம், குறைந்த வருமானம், நடுத்தரம், அதற்கு மேல் என நான்கு வருமானப் பிரிவுகளாக இது பிரித்துத் தரப்படும். நகரமே இத்தனை வீட்டையும் கட்ட வேண்டும் என்று பொருளில்லை. அவ்வளவு வீடு கட்ட இடம் கொடுக்கும்படி மண்டல விதிகளை (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று சொல்லும் விதிகளை) அமைத்துக் காட்ட வேண்டும். 'இவ்வளவுக்காவது இடம் விடு' என்கிற ஒதுக்கீடு இது.

இன்னொன்று, நகரம் தானே போட்டுக்கொள்வது. 'இவ்வளவுக்கு மேல் கூடாது' என்கிற ஒதுக்கீடு. இந்தக் கட்டுரை இதைப் பற்றியது. ஒரே கூட்டத்தில் ஒருவர் முதலாவதைப் பற்றியும் அடுத்தவர் இரண்டாவதைப் பற்றியும் பேசி, இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கலைந்து போவது சகஜம். கையில் கிடைத்த ஆவணம் தரைக் கணக்கா (இவ்வளவுக்காவது), கூரைக் கணக்கா (இவ்வளவுக்கு மேல் கூடாது) என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள்.

படி 2: நகரம் எந்தக் குழாயைத் திருகுகிறது?

வளர்ச்சியை அடக்க ஒரு வழிதான் என்றில்லை. எங்கே கட்டலாம் என்று கோடு போடலாம். எப்போது கட்டலாம் என்று காலம் குறிக்கலாம். எத்தனை கட்டலாம் என்று எண் வைக்கலாம்.

கொலராடோவின் போல்டர் நகரம் 1959இல் மலைச் சரிவில் 5,750 அடி உயரத்தில் ஒரு கோடு போட்டது. அதற்கு மேலே நகரம் தண்ணீர் கொடுக்காது. இது 'எங்கே'. நியூயார்க் மாநிலத்தின் ரமாப்போ 1969இல் கொண்டுவந்த விதி 'எப்போது' வகை. கழிவுநீர்க் குழாய், வடிகால், பூங்காவும் பள்ளியும், சாலை, தீயணைப்பு நிலையம் ஆகிய ஐந்தும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்த்து அப்போது மனைக்கு மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 23இல் 15 வந்தால்தான் அனுமதி. குறைந்தால், நகரம் தன் 18 ஆண்டுத் திட்டப்படி அந்த வசதிகளைக் கொண்டுவரும்வரை காத்திருக்கலாம், அல்லது பில்டரே தன் செலவில் செய்து மதிப்பெண் தேடிக்கொள்ளலாம். 'எத்தனை' வகைக்குப் பேர்போனது கலிபோர்னியாவின் பெட்டலூமா. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான்காவதாக ஒரு குழாயும் உண்டு, நிஜமான குழாய். கலிபோர்னியாக் கடலோரத்தில் போலினாஸ் என்ற சிற்றூர் 1971இல் புதுத் தண்ணீர் இணைப்பு கிடையாது என்று நிறுத்தியது. வீட்டு ஒதுக்கீடு என்ற பேச்சே அங்கு தேவைப்படவில்லை. ஆகவே நகரத்தின் விதித் தொகுப்பில் ஒதுக்கீடு பற்றி எதுவும் இல்லை என்பதால் உச்சவரம்பே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் வாரியத்தின் பட்டியலையும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிச்சமிருக்கும் கொள்ளளவையும் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

படி 3: விதியைப் போட்டது யார்?

சின்னக் கேள்விதான், ஆனால் விளைவு பெரியது. நகர மன்றம் போட்ட விதியை நகர மன்றமே மாற்றலாம். கலிபோர்னியாவில் மக்கள் முன்மொழிந்து வாக்கெடுப்பில் கொண்டுவந்த விதியை, அந்த விதியே வேறு வழி விட்டிருந்தால் ஒழிய, இன்னொரு வாக்கெடுப்பால்தான் மாற்ற முடியும். ஊழியர்களிடம் போய், "இதைக் கொஞ்சம் தளர்த்தக் கூடாதா" என்று கேட்டு நேரத்தை வீணாக்குமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

படி 4: எண்ணைப் படிக்கும் விதம்

எண் மூன்று உருவங்களில் வரும்.

நேரடி எண்: கலிபோர்னியாவின் டிரேசி நகரில் 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பு, ஆண்டுக்குச் சராசரி 600 வீடு, எந்த ஆண்டிலும் 750க்கு மேல் கூடாது என்று வைத்தது. சராசரியும் உச்சமும் தனித்தனி என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் 750 கொடுத்தால் வேறு வருடங்களில் அதைக் குறைத்து ஈடுகட்ட வேண்டும். ஆக, இந்த ஆண்டு எத்தனை மிச்சம் என்பது போன ஆண்டுகளின் கணக்கைப் பார்க்காமல் தெரியாது.

சதவீதம்: போல்டர் 1976இல் ஏற்றது ஏறக்குறைய 2 சதவீதம். அதே மாநிலத்தின் லேக்வுட் 2019இல் வாக்கெடுப்பில் ஏற்றது 1 சதவீதம். கேட்கும்போது இரண்டும் பொடி எண்களாகத் தெரியும். ஆனால் 2 சதவீதம் என்றால் சுமார் 35 ஆண்டில் ஊர் இரட்டிக்கும். 1 சதவீதம் என்றால் 70 ஆண்டு ஆகும். எதன் மீது சதவீதம் என்பதையும் பாருங்கள். மக்கள் தொகை மீதா, இருக்கும் வீடுகளின் எண்ணிக்கை மீதா? 20,000 வீடுள்ள ஊரில் வீட்டின் மீது 1 சதவீதம் என்றால் 200 வீடு, கணக்கு முடிந்தது. மக்கள் தொகை மீது என்றால் வீட்டுக்கு எத்தனை பேர் என்று ஒரு எண்ணை யாரோ ஊகிக்க வேண்டும். ஊரில் 60,000 பேர் என்றால் 1 சதவீதம் 600 பேர்; வீட்டுக்கு 3 பேர் என்று வைத்தால் அவர்களுக்கு 200 வீடு, 2.5 பேர் என்றால் 240. அந்த ஊகம் எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள்.

மூன்றாவது, தொலைவில் ஒரு மக்கள் தொகை உச்சத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுவது. 1970களிலிருந்தே பில்டர்களைப் போட்டி போடவைத்துப் பங்கு கொடுத்துவந்த, கலிபோர்னியாவின் மார்கன் ஹில் நகரம் 2016இல் வைத்த இலக்கு, 2035இல் 58,200 பேர் என்பது.

படி 5: கணக்கில் வராத வீடுகளைத் தேடுங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். பெட்டலூமாவின் கதை இங்கேதான் பயன்படும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சுமார் 40 மைலில் இருக்கும் ஊர் பெட்டலூமா. நெடுஞ்சாலை நெருக்கி வந்ததும் சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்ப்பவர்கள் குடியேறத் தொடங்கினார்கள். 1969இல் 358 வீடு கட்டப்பட்டது, 1970இல் 591, 1971இல் 891. பெரும்பாலும் ஊரின் கிழக்குப் பக்கத்தில், தனித்தனி வீடுகளாக. ஊர் மிரண்டுபோய், 1972 முதல் 1977 வரை ஆண்டுக்கு 500 வீடு மட்டும் என்று திட்டம் போட்டது.

எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்த 500தான். ஆனால் திட்டத்தின் வாசகத்தைப் படித்தால், ஒரே திட்டத்தில் ஐந்து வீடோ அதற்கு மேலோ கட்டுபவர்களுக்கு மட்டுமே இந்த எண் பொருந்தும் என்று இருக்கும். தனியாக ஒரு வீடு கட்டுகிறவர், நான்கு வீடு கொண்ட சிறு அடுக்குமாடி கட்டுகிறவர் யாரும் இந்த 500க்குள் வரமாட்டார்கள். ஆக 500 என்பது ஊர் முழுவதற்குமான உச்சவரம்பு இல்லை. பெரிய பில்டர்களுக்கான உச்சவரம்பு. இது ஓட்டையா, வேண்டுமென்றே விட்ட கதவா? கதவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொந்த மனையில் வீடு கட்ட நினைக்கும் உள்ளூர்க்காரரைத் தடுத்தால் எந்த நகர மன்ற உறுப்பினரும் அடுத்த தேர்தலில் நிற்க முடியாது!

விலக்குகள் பொதுவாக இந்த வடிவங்களில் இருக்கும்: சிறிய திட்டங்கள், பழைய வீட்டை இடித்து அதே இடத்தில் கட்டுவது, குறைந்த வருமானத்தினருக்கான வீடுகள், விதி வருமுன்பே நகரத்துடன் ஒப்பந்தம் போட்டுவிட்ட திட்டங்கள். கடைசியாகச் சொன்னதை அலட்சியப்படுத்தாதீர்கள். பழைய ஒப்பந்தத்தில் ஆயிரக்கணக்கான மனைகள் ஏற்கெனவே உரிமை பெற்று நின்றால், புது விதியின் எண் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பல ஆண்டுகளுக்கு ஊர் பழையபடி வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.

கலிபோர்னியாவில் இன்னொரு விலக்கை மாநிலமே எழுதிவைத்திருக்கிறது. வீட்டின் பின்புறத்திலோ கராஜிலோ கட்டும் துணை வீட்டை, வளர்ச்சியை மட்டுப்படுத்தும் எந்த உள்ளூர் விதியின் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. சின்ன மனை வைத்திருப்பவர் ஒதுக்கீட்டு விதிகளைப் பார்த்துப் பயப்படுமுன் இதைப் படித்துக்கொள்ளலாம்.

படி 6: வரிசை எப்படி நகர்கிறது?

எண் தெரிந்தது, விலக்கும் தெரிந்தது. மிச்சமிருக்கும் பங்கு யாருக்கு?

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது எளிய முறை. ஆனால் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி கதவு திறக்கும் நாளிலேயே விண்ணப்பக் கட்டுகளோடு நிற்கும். அதனால் பல ஊர்கள் மதிப்பெண் போட்டிக்குப் போயின. பெட்டலூமாவில் விண்ணப்பங்களுக்குப் புள்ளி போட்டார்கள்: நகரத்தின் பொதுத் திட்டத்துக்கு ஒத்துப்போகிறதா, கட்டட வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா, குறைந்த, நடுத்தர வருமானத்தினருக்கு வீடு இருக்கிறதா, விளையாட, பொழுதுபோக்க வசதி செய்து தருகிறாரா என்று. அதோடு நிற்கவில்லை. கிழக்குக்கும் மேற்குக்கும் கூடியவரை சமமாகப் பிரிக்க வேண்டும். தனி வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். ஊர் நடுவுக்கு அருகிலுள்ள காலி இடங்கள் முதலில் நிரம்ப வேண்டும். 8 முதல் 12 சதவீதம் வீடுகள் குறைந்த, நடுத்தர வருமானத்தினருக்குப் போக வேண்டும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த முறையின் சூட்சுமம் பிடிபட்டது. எண்ணிக்கையைக் குறைப்பது வெளியே தெரியும் வேலை. என்ன மாதிரி வீடு, எந்தத் தெருவில், யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது உள்ளே நடக்கும் வேலை. பங்கு அரிதாக இருப்பதால்தான் பில்டர் புள்ளிக்காக பூங்கா கட்டித் தருகிறார். எல்லோருக்கும் பங்கு கிடைக்கும் என்றால் பூங்காவை யார் கட்டுவார்?

சரி, அந்தப் பூங்காவின் செலவு எங்கே போகும்? கொஞ்சம் நிலத்தை விற்றவர் தலையில், மிச்சம் வீட்டை வாங்குபவர் தலையில். அதோடு இன்னொரு விளைவும் உண்டு. வருடத்துக்கு 40 வீடுதான் கட்டலாம் என்றால், அந்த நாற்பதிலும் அதிக லாபம் எதில் வரும் என்று பில்டர் யோசிப்பார். பெரிய வீட்டில்தான். அதனால் சின்ன வீட்டுக்கோ அடுக்குமாடிக்கோ தனிப் பங்கு வைக்காத ஒதுக்கீட்டு முறை, நாளடைவில் பெரிய வீடுகளின் பக்கமே சாயும். நீங்கள் படிக்கும் விதியில் அப்படித் தனிப் பங்கு இருக்கிறதா என்று தேடுங்கள். மதிப்பெண் பட்டியலில் 'அழகியல்' போன்ற தலைப்புக்கு எத்தனை புள்ளி என்றும் பாருங்கள். அளந்து காட்ட முடியாத தலைப்புக்கு அதிகப் புள்ளி இருந்தால், முடிவு மதிப்பீட்டாளரின் ரசனையில் தொங்குகிறது என்று பொருள்.

படி 7: ஒதுக்கீட்டுக்கும் ஆயுள் உண்டு

பங்கு கிடைத்துவிட்டால் வீடு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒதுக்கீடு வேறு, கட்டட அனுமதி வேறு, குடியேறத் தகுந்தது என்ற சான்று வேறு. மூன்றுக்கும் இடையில் வருடங்கள் ஓடிவிடும்.

குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டட அனுமதி வாங்காவிட்டால் பங்கு காலாவதியாகலாம். காலாவதியானது பொதுக் கணக்குக்குத் திரும்புகிறதா, அப்படியே ஒழிந்துபோகிறதா? பயன்படாத பங்கை அடுத்த ஆண்டுக்கு எடுத்துப்போகலாமா? நிலத்தை விற்றால் பங்கும் கூடவே போகுமா? இந்த மூன்று கேள்விக்கும் ஊருக்கு ஊர் பதில் மாறும். எடுத்துப்போக இடம் கொடுத்தால், மந்தமான ஐந்து ஆண்டுகள் சேர்த்துவைத்த பங்குகள் எல்லாம் சந்தை சூடாகும் வருடத்தில் ஒரேயடியாக வெடிக்கும். பள்ளிக்கூடத்துக்கு அந்த ஆண்டு இடம் போதாது. இடம் கொடுக்காவிட்டால், பங்கை இழக்கப் பயந்து வாங்க ஆளில்லாத காலத்திலும் அவசரமாக அனுமதி வாங்கிவைப்பார்கள்.

200 வீட்டு லேஅவுட் ஒன்றுக்கு ஆண்டுக்கு 40 பங்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடிய ஐந்து ஆண்டு. ஆனால் சாலை, வடிகால், மின்சாரம் எல்லாவற்றையும் பெரும்பாலும் முதலிலேயே போட்டாக வேண்டும். 200 வீட்டுக்கான முதலீட்டுக்கு வட்டி கட்டிக்கொண்டு 40 வீட்டை விற்க வேண்டிய நிலை. சிறு பில்டர்கள் இதைத் தாங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் வீடு வாங்கப் போகிறவர், தன் வீடு எத்தனையாவது கட்டத்தில் வருகிறது, அந்தக் கட்டத்துக்குப் பங்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டதா, இல்லை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விற்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

படி 8: அந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறதா?

பெட்டலூமாவின் மேல் பில்டர்கள் வழக்குப் போட்டார்கள். 1974இல் கீழ் நீதிமன்றம் திட்டத்தைச் செல்லாது என்றது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டி, தன் சிற்றூர்த் தன்மையைக் காக்க நகரத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ரமாப்போவின் விதியும் 1972இல் நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் தப்பியது. ஆனால் பெட்டலூமா தீர்ப்பில் ஒரு கருத்து இருந்தது: நகரங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தால் வட்டாரத்தின் நலன் கெடுகிறது என்றால், அதைச் சரிசெய்ய வேண்டியது மாநில சட்டமன்றம், மத்திய நீதிமன்றம் இல்லை என்று.

சட்டமன்றம் விழித்துக்கொள்ள 44 ஆண்டுகள் ஆயின. வீட்டு விலையும் வாடகையும் எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, 2019இல் கலிபோர்னியா ஒரு வீட்டு நெருக்கடிச் சட்டம் கொண்டுவந்தது. அனுமதிகளின் எண்ணிக்கைக்கோ மக்கள் தொகைக்கோ உச்சவரம்பு வைப்பதைப் பெரும்பாலான நகர்ப்புற ஊர்களில் அது தடுக்கிறது. விவசாயமே பிரதானமான மாவட்டங்களில், 2005க்கு முன் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த வரம்புகளுக்கு மட்டும் விலக்கு. கொலராடோவும் 2023இல் இத்தகைய வரம்புகளைத் தடை செய்தது. போல்டர், கோல்டன், லேக்வுட் போன்ற ஊர்களின் சதவீதக் கணக்குகளை அது நேரடியாகத் தொட்டது.

நடைமுறையில் இதன் அர்த்தம், நகரத்தின் விதித் தொகுப்பில் ஒதுக்கீட்டு அத்தியாயம் முழுசாக அச்சில் இருக்கலாம், ஆனால் அமலில் இல்லாமல் இருக்கலாம். புத்தகத்திலிருந்து நீக்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. திட்டத் துறை ஊழியரிடம் மின்னஞ்சலில் நேராகக் கேட்டுவிடுங்கள்: "இந்த அத்தியாயம் இப்போது அமலில் உள்ளதா? எந்தத் தேதியிலிருந்து இல்லை?"

படி 9: கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு அட்டவணை

திட்டக் குழுவின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடம்தான். அதில் வளர்ச்சி நல்லதா கெட்டதா என்று பேசத் தொடங்கினால் மணி அடித்துவிடும். அதற்குப் பதில், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கு நான்கு எண்களைக் கேட்டு வாங்கி வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: அந்த ஆண்டின் உச்சவரம்பு, கொடுத்த ஒதுக்கீடு, எடுத்த கட்டட அனுமதி, முடிந்த வீடு. விலக்கில் வந்த வீடுகளைப் பக்கத்தில் தனிப் பத்தியில் போடுங்கள்.

உச்சவரம்பு 500 இருக்க, முடிந்த வீடு 180 என்று வந்தால், தடை ஒதுக்கீட்டில் இல்லை. வட்டி விகிதத்திலோ, தண்ணீரிலோ, கட்டணத்திலோ, மண்டல விதியிலோ தேட வேண்டும். ஒதுக்கீடு தீர்ந்தும் அனுமதி எடுக்கப்படவில்லை என்றால், பங்கை வாங்கி யாரோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலாவதி விதியைக் கேளுங்கள். விலக்குப் பத்தி உச்சவரம்பைவிடப் பெரிதாக இருந்தால், கூட்டத்தில் 500ஆ 300ஆ என்று நடக்கும் சண்டையை ஓரமாக விட்டுவிட்டு அந்தப் பத்தியைப் பற்றி எழுந்து பேசுங்கள்.